30க்கு 9

நவம்பர் 6
மார்க் வந்துவிட்டது. 30க்கு 9.

நவம்பர் 7
நேற்று அதற்கு மேல் எழுத வரவில்லை.

ஆன்லைனில் படிக்கிறேன். அடக்கவிலைக் கணக்கியல், இரண்டாவது அசைன்மென்ட். கேள்விவாரியாக மார்க் பிரித்துப் போடவில்லை. கீழே ஒரே வரி: 'போதிய விலக்கம் இல்லை.' விளக்கம் என்பதை அவசரத்தில் சார் அப்படி அடித்திருப்பார்.

பதினோரு பக்கம் கையால் எழுதியது. வீட்டில் சிக்னல் ஒரு கோடுதான் என்பதால் ராத்திரி பத்தரை மணிக்கு மேல் ரோட்டு வளைவு வரை ஏறிப் போய் அப்லோட் செய்தேன். அந்த வாரம் கரடி நடமாட்டம் இருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் டார்ச்சோடு துணைக்கு வந்து, கடைசிப் பக்கம் ஏறும்வரை குளிரில் நின்றார். நான் சண்டைக்கு வரவில்லை. பதினோரு பக்கத்தில் எந்த இடம் என்று சொன்னால் போதும்.

நவம்பர் 9
விடாத மழை. தேயிலை ஃபேக்டரியில் நான் எடை போடுகிற கொழுந்து மூட்டையெல்லாம் சொட்டச் சொட்ட வருகிறது. நூறு கிலோவுக்கு எட்டு கிலோ ஈரத்துக்குக் கழிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நவம்பர் 12
வகுப்பு குரூப்பில் கேட்டுப் பார்த்தேன். நான்கு பேர் ஸ்கிரீன்ஷாட் போட்டார்கள். நான்கிலும் அதே வரி, அதே 'விலக்கம்'. அதில் ஒருவருக்கு 22 மார்க்.

22 வாங்கியவருக்கும் போதவில்லை, 9 வாங்கிய எனக்கும் போதவில்லை என்றால் அந்த வரிக்கு என்ன அர்த்தம்? அவர் பேப்பரைத் திறந்தே பார்க்கவில்லையோ என்று தோன்றுகிறது. தூக்கம் வரவில்லை.

நவம்பர் 13
மூன்றாவது கேள்விதான். எனக்கு உறுதியாகத் தெரிகிறது. செயல்முறைக் கணக்கை, அதாவது பொருள் கட்டம் கட்டமாக உருவாகும்போது செலவைப் போடும் கணக்கை, எடுத்துக்காட்டோடு விளக்கச் சொன்னார்கள். பாடத்தில் ரசாயனத் தொழிற்சாலை ஒன்றை வைத்து, நூற்றுக்குப் பத்து சாதாரண நட்டம், அதாவது வேலையில் எப்படியும் குறைகிற அளவு, என்று போட்டிருக்கும். நான் தினமும் பார்க்கிற ஃபேக்டரியை எழுதினேன். 1000 கிலோ பச்சை இலை உள்ளே போனால் 240 கிலோ தூள் வரவேண்டும். மீதி 760 கிலோ சாதாரண நட்டம். பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தானே. வாட்டும் தொட்டியில் கொஞ்சம் போகும், டிரையரில் மிச்சம் போகும். தூளில் மூன்று சதவீதம் ஈரம் நின்றால் அதிகம். இது யாருடைய தப்பும் இல்லை, அந்தச் செலவை வெளியே வருகிற தூள்தான் சுமக்க வேண்டும். 240க்குப் பதில் 235 வந்தால் அந்த 5 கிலோ மட்டும் அசாதாரண நட்டம், அது லாப நட்டக் கணக்குக்குப் போகும்.

76 சதவீத நட்டம் என்று பார்த்ததும் கணக்கே தப்பு என்று நினைத்திருப்பார்கள். கோத்தகிரியில் எந்த ஃபேக்டரி வாசலில் நின்று கேட்டாலும் சொல்வார்களே, கிட்டத்தட்ட நாலு கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் என்று.

நவம்பர் 17
ஆன்லைன் வகுப்பு. சாட்டில் கேட்டேன். "மெயில் போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

இதே சார் செப்டம்பரில் அசாதாரண ஆதாயம் (எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வருவது) புரியவில்லை என்று நான் சொன்னதற்காக வகுப்பு முடிந்தும் நாற்பது நிமிடம் இருந்தார். ஏழு பேர்தான் மிச்சம் இருந்தோம். பேனாவால் ஸ்கிரீனில் கட்டம் போட்டுப் போட்டுக் காட்டினார். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

நவம்பர் 18
மெயில் போட்டேன்.

நவம்பர் 22
பதில் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிப்படி ஆன்லைன் படிப்பில் நூற்றுக்கு 30 வரை அகமதிப்பீடு, அதாவது அசைன்மென்ட் மாதிரி, மீதி தேர்வு. 70க்குப் பயமில்லை, படித்துவிடுவேன். இந்த 30இல் 12 வந்தாக வேண்டும்.

நவம்பர் 24
என் தப்பு ஒன்று கிடைத்தது. ராத்திரி மறுபடி முழுக்கப் போட்டுப் பார்த்தேன். மொத்தச் செலவு 30,000, அதை 240ஆல் வகுத்துக் கிலோ 125 ரூபாய் என்று எழுதியிருக்கிறேன். கழிவுத் தேயிலை விற்ற 300 ரூபாயை முதலில் கழித்திருக்க வேண்டும். 29,700. அப்போது 123 ரூபாய் 75 காசு. கழிவு லாரியில் ஏறுவதை நானே எடை போட்டு எழுதுகிறேன், அதைப் போய் விட்டுவிட்டேன்.

இதற்கு மார்க் குறைத்தால் தலைவணங்கி வாங்கிக்கொள்வேன். இதைச் சொல்லித்தானே குறைத்திருக்க வேண்டும்.

நவம்பர் 27
கொழுந்து கொண்டுவந்த பெரியவர் ஒருவர் எடைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "எட்டு கிலோவா? எதுக்கும்மா?" என்று கேட்டார். "ஈரம் தாத்தா" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையைத் தராசில் ஏற்றச் சொன்னேன். அவர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை.

நவம்பர் 29
அவர் மூட்டையில் ஒரு பிடி அள்ளி அவர் கையிலேயே கொடுத்துப் பிழியச் சொன்னேன். இரண்டு சொட்டு விழுந்தது. மூன்று கிலோ கழித்தேன். மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். அவருக்கும் ஒரு பிடி காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 2
பாட ஒருங்கிணைப்பாளருக்கு மறுமதிப்பீடு கேட்டு எழுதினேன். முதலில் எழுதியதில் கோபம் இருந்தது, அழித்தேன். இரண்டாவதில் அழுகை இருந்தது, அதையும் அழித்தேன். கடைசியில் மூன்றே விஷயம். கேள்விவாரியாக மார்க் வேண்டும். மூன்றாவது கணக்கில் நட்ட சதவீதம் சரி, காரணம் இணைப்பில். கழிவு விற்ற தொகையை விட்டது என் பிழை, அதற்குக் குறையுங்கள்.

அந்தக் கடைசி வரியை எடுத்துவிடச் சொல்கிறாள் மகள். "நீயே ஏம்மா காட்டிக் கொடுக்கிற?" எடுக்கவில்லை.

டிசம்பர் 5
போர்ட்டலில் 'பரிசீலனையில்'.

டிசம்பர் 8
'பரிசீலனையில்'. மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்து ஃபேக்டரி லாரி மேலே வர ராத்திரி ஆகிவிட்டது. எடை முடிய மணி பதினொன்று.

டிசம்பர் 10
மகள் போனில், "விட்டுடும்மா, அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கலாம்" என்றாள். நாற்பத்து மூன்று வயதில் அடுத்த செமஸ்டர் என்று எத்தனை தள்ளுவது. அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. சரி பார்க்கலாம் என்றேன்.

டிசம்பர் 13
சாயங்காலத்திலிருந்து கரண்ட் இல்லை. போர்ட்டலிலிருந்து மெசேஜ் வந்திருக்கிறது, வீட்டில் திறக்க மாட்டேன் என்கிறது. சார்ஜ் 6 சதவீதம். அண்ணன் வீட்டு டார்ச்சை வாங்கிக்கொண்டு வளைவுக்குப் போகிறேன்.