ஐக்யூ சீட்டை மேலே வைக்காதீங்க

ஒருவழியாக மகனுக்கு மாற்றுத்திறனாளி சான்று கைக்கு வந்துவிட்டது. பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதலாக 1 மணி நேரத்துக்கு அனுமதியும் வந்துவிட்டது. நிம்மதிதான், ஆனால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அவனுக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்று தெரிந்தது 11 வயதில். 13 வயதுக்குள் இது வருவது மிக அபூர்வம். அதனால் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தே இருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டே கிளம்புங்கள்.

ஆன்லைன் பதிவில் சிக்கல் இல்லை. வினை, சான்றுக்காக டாக்டர்கள் பரிசோதிக்கும் முகாமில்தான். முதலில் போன அன்று எலும்பு, கண், காது டாக்டர்கள் இருந்தார்கள், மனநல மருத்துவர் வரவில்லை. லீவு போட்டுப் போனது வீண். போன் செய்து கேட்டுக்கொண்டு போங்கள்.

மறுபடி போனபோது ஃபைலில் மேலாக இருந்த ஐக்யூ (அறிவுத்திறன் டெஸ்ட்) சீட்டைப் பார்த்தார் ஊழியர். "84 இருக்கே சார். எழுபதுக்குக் கீழ இருந்தாத்தான் தருவாங்க." அந்த 70 அறிவுசார் குறைபாட்டுக்கான கணக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மனநோய் தனி வகை. அதற்கு 'ஐடியாஸ்' அளவுகோல்: தன்னைக் கவனித்துக்கொள்வது, பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை அல்லது படிப்பு, இவற்றோடு நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதும் சேரும். இதையெல்லாம் சொன்னால், "பையன் நல்லாத்தானே பேசுறான்?" என்கிறார்.

பேசுவான். ஒளிச்சேர்க்கை பற்றிக் கேட்டதற்கு அவன் சொன்னது இது: "இலைக்குச் சூரியன் வேணும். சூரியன்னா ஞாயிறு. ஞாயிறு ஸ்கூல் லீவு. அதனால இலை அன்னிக்குச் சமைக்காது." ஐந்து வயதுக் குழந்தை சொன்னால் சிரித்துவிடலாம். ஏழு வயதுக்குமேல் சிந்தனை இப்படித் தாவிக்கொண்டே இருந்தால் கவனிக்க வேண்டும் என்றார் எங்கள் உளவியலாளர். அவன் வார்த்தைகளை அப்படியே தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன். மனநல மருத்துவர் நின்று படித்தது அந்த நோட்டைத்தான்.

ஐக்யூ வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய டெஸ்டையும் புதியதையும் சேர்த்துக் கொடுங்கள். சரியாகச் சொன்ன விடைகள் இரண்டிலும் கிட்டத்தட்ட அதே அளவு, ஐக்யூ மட்டும் இறங்கியிருந்தது. ஐக்யூ என்பது அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் போடுவது. தெரிந்ததை அவன் மறக்கவில்லை. கூடப் படிக்கிற பிள்ளைகள் முன்னே போக, இவனுக்குப் புதிதாக ஏறவில்லை. உளவியலாளர் இதை இரண்டு வரியில் எழுதித் தந்தார். பெரிய உதவி.

அடுத்த இழுபறி, நோய்க்காலத்துக்கு ஆதாரம். முதலில் வைத்தியம் பார்த்த தனியார் மருத்துவமனை ரெக்கார்டைத் தர மறுத்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25வது பிரிவைக் காட்டி எழுத்தில் மனு கொடுத்தேன். நகல் தானாக வந்தது!

ஸ்க்ரைப் (பிள்ளை சொல்லச் சொல்ல விடை எழுதுபவர்) வாங்கிக்கொள்ளச் சொல்லி ஸ்கூலில் வற்புறுத்தினார்கள். மாதிரித் தேர்வில் வைத்துப் பார்த்தோம். இவன் வாயால் சொல்லும்போதுதான் பேச்சு அதிகம் தடம் மாறுகிறது, எழுதினால் மெதுவாகவாவது கேள்விக்குள் நிற்கிறான். அதனால் நேரம் மட்டும் கேட்டோம். உங்கள் பிள்ளைக்கு எது ஒத்துவரும் என்று வீட்டிலேயே சோதித்துவிட்டு மனுவில் எழுதுங்கள். மனு தலைமையாசிரியர் வழியாகப் போக வேண்டும், கடைசி நேரம்வரை வைத்திருக்காதீர்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள கார்டு இன்னும் தபாலில் வரவில்லை. டவுன்லோடு செய்த பிடிஎஃப்பையே ஸ்கூலில் ஏற்றுக்கொண்டார்கள்.