மூன்று வருட இடுப்பு வலியும் பெயரில்லாத ஒரு பொடியும்

ஜாக்கெட் தைக்கிற வேலை எனக்கு. 20 வருடமாக ஸ்டூல்தான். மூன்று வருடத்துக்கு முன்பு இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று மாதம் தாண்டியும் தொடர்ந்தால் அது நாள்பட்ட வலி, அதை வேறு மாதிரி பார்க்க வேண்டும் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. மாத்திரை, ஊசி, எக்ஸ்ரே எல்லாம் வழக்கம்போல நடந்தன. பணமும் நாளும் எங்கே வீணாயின என்பதைத்தான் எழுத வந்தேன்.

6,500 ரூபாய் கட்டி எம்.ஆர்.ஐ. எடுத்தேன். ரிப்போர்ட்டில் 'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்' என்று இருந்தது, அதாவது கீழ் முதுகில் இரண்டு எலும்புக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கியிருக்கிறதாம். பார்த்த டாக்டர், "ஜவ்வு விலகியிருக்கு. குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க, பெல்ட் போடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஏழு மாதம் குனியவே இல்லை. தரையில் விழுந்த ஊசியைக்கூட மகள்தான் எடுத்துக் கொடுத்தாள். வலி குறையவில்லை, கால்தான் பலம் குறைந்து போனது.

அப்புறம் அந்தப் பொடி. "முழுக்க மூலிகை, பக்கவிளைவே கிடையாது" என்று சொந்தக்காரர் ஒருவர் வாங்கி வரச் சொன்னார். மாதத்துக்கு 1,200 ரூபாய். பொட்டலத்தில் பெயர் இல்லை, லைசென்ஸ் எண் இல்லை, என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை. நாலே நாளில் வலி ஓடிவிட்டது. அழுதேன், அவ்வளவு சந்தோஷம். மூன்றாவது மாதம் முகம் உருண்டையாக உப்பியது. என் கல்யாண ஜாக்கெட் எனக்கே கை நுழையவில்லை. அதுவரை சர்க்கரையே இல்லாத எனக்குச் சாப்பிடும் முன் 180 காட்டியது. பொது மருத்துவர் ஒருவர் முகத்தைப் பார்த்ததுமே, "ஏதாவது பொடி, லேகியம் சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசால், காலை நேர ரத்தத்தில் மிகக் குறைவாக வந்தது. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார். வெளியிலிருந்து அது வந்துகொண்டே இருந்தால், உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிடுமாம். அதனால் பொடியைச் சட்டென்று விட்டுவிடக் கூடாது என்று, அளவு தெரிந்த மாத்திரை கொடுத்து மெல்ல மெல்லக் குறைத்தார். யாராவது இப்படிப் பொடி சாப்பிட்டுக்கொண்டிருந்தால், நீங்களாக நிறுத்தாமல் முதலில் டாக்டரிடம் போங்கள். சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு இருக்கிறது, அங்கே படித்த மருத்துவர் இருக்கிறார். பெயரும் லைசென்ஸ் எண்ணும் இல்லாத பொட்டலத்தைத்தான் சொல்கிறேன்.

அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிக்குப் போனதில் ஒரு நாள் போயிற்று. இரண்டு பஸ் மாறி நேராக அந்த அறைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். "எலும்பு டாக்டர் எழுதித் தரணும், போய் ஓ.பி. சீட்டு போட்டுட்டு வாங்க" என்றார்கள். சீட்டு கவுன்டர் அதற்குள் மூடியிருந்தது. நீங்கள் போவதானால் காலையிலேயே சீட்டு போட்டு, எலும்புப் பிரிவில் பிசியோதெரபி என்று எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் அங்கே போங்கள்.

மறுநாள் பார்த்த பிசியோதெரபிஸ்ட் என் மகள் வயதுப் பெண். ஸ்கேன் கவரை நீட்டினேன். "அத அப்புறம் பாக்கறேன்க்கா. முதல்ல குனிஞ்சு காட்டுங்க" என்றாள். மூன்று வருடத்தில் என்னைக் குனியச் சொன்ன முதல் ஆள் அவள்தான். வலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1994இல் வந்ததாம், அதில் பாதிப் பேருக்கு மேல் என்னைப் போலவே பல்ஜ் இருந்ததாம். "பட்ட காயம் ஆறினாலும் நரம்பு விழிப்பாவே இருக்கும்க்கா. சின்ன அசைவுக்கும் ஆபத்துன்னு கத்தும். வலி நிஜம்தான், ஆனா ஒவ்வொரு வலிக்கும் உள்ள ஏதோ கிழியுதுன்னு அர்த்தம் இல்ல" என்றாள். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழக்கமாகப் பெல்ட் போடச் சொல்ல வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் சொல்லியிருப்பதை மகள் பிறகு தேடிக் காட்டினாள். அன்றைக்கே பெல்ட்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. முதல் வாரம் பத்து நிமிட நடை, வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூடுதல். படுத்தபடி இடுப்பைத் தூக்கி இறக்குவது. மிஷினில் 30 நிமிடத்துக்கு அலாரம். அடித்ததும் தையல் பாதியில் நின்றாலும் எழுந்துவிடுவேன். ராத்திரி வெந்நீர்ப் பை. தூக்கம் கெட்ட நாளில் வலி கூடுகிறது என்பதை நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தேன். எண்ணெய் தேய்த்தால் இரண்டு மணி நேரம் இதமாக இருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் படுக்காமல் நடந்துவிட வேண்டும், அதுதான் அதன் பலன். நான் அடிக்கடி செய்த தப்பு, வலி இல்லாத நாளில் தேங்கிய ஆர்டர் முழுவதையும் தைத்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்தது. நல்ல நாளிலும் அதே அளவு, மோசமான நாளிலும் முடிந்தவரை அதே அளவு என்று பழகவே நாலு மாதம் ஆனது.

ஆனால் ஒன்று. சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, கால் பலம் குறைந்துகொண்டே போனாலோ நடைப்பயிற்சி என்று காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலியோடு காய்ச்சல் வந்தாலும், காரணமில்லாமல் எடை இறங்கினாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

போன மாதம் தீபாவளி ஆர்டர் நேரத்தில் மறுபடி பிடித்துக்கொண்டது. பழைய பயம் தொண்டை வரை வந்தது. அன்றைக்குப் பத்து நிமிடம் மட்டும் தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தேன். மறுநாளும் நடந்தேன். மூன்றாம் நாள் மிஷினில் உட்கார்ந்தபோது பாபின் உருண்டு கீழே விழுந்தது. மகளைக் கூப்பிடாமல் நானே குனிந்து எடுத்தேன்.