மத்தோசின்யோஸ் நகரத்து மத்தி

போர்த்துக்கலின் போர்ட்டோ நகரை ஒட்டியுள்ள மத்தோசின்யோஸ் என்ற துறைமுக நகருக்கு நாங்கள் குடிவந்தபோது, அயலவர்களோடு முதலில் பழக்கம் ஏற்படுத்தித் தந்தது ரின்மீன், அதாவது தகரப் பேணியில் அடைத்த மத்தி மீன்தான். யாழ்ப்பாணத்தில், பச்சை மீன் கிடைக்காத நாளில் வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பிரட்டும் கறியாகவே அதை அறிந்திருந்தோம். இங்கே விருந்தினருக்கும் அதைப் பரிமாறுகிறார்கள். மூடியைத் திறந்து ரின்னோடு மேசையில் வைத்து, எஞ்சும் ஒலிவ் எண்ணெயையும் பாணால் தொட்டு உண்கிறார்கள்.

பிரான்சின் மேற்குக் கரையில் 1880களில் மத்தி வரத்துக் குறைந்ததால் பிரெஞ்சு முதலாளிகள் போர்த்துக்கலின் செத்தூபல் நகரில் மீனை ரின்னில் அடைக்கும் தொழிற்சாலைகள் அமைத்தார்கள். உலகப் போர்க்காலங்களில் இத்தொழில் பெருகியது. இரண்டாம் போரில் நடுநிலை வகித்த இந்நாடு இரு தரப்புக்கும் மீனை விற்றது.

ஆனால் இந்த வரலாற்றின் பெரும்பகுதி பெண்களுடையது. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வசிக்கும் மூதாட்டி இளவயதில் இங்கேயே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். படகு கரைசேர்ந்ததும் ஆலையின் சங்கு ஊதும், நள்ளிரவானாலும் ஓட வேண்டும், சங்கின் ஒலியைக் கொண்டே எந்த ஆலை அழைக்கிறது என்று தெரிந்துவிடும் என்றார். மேசையிலிருந்த மீன் ஒன்றை எடுத்து, தலையைத் திருகி இழுக்கும்போதே குடலும் சேர்ந்து வர வேண்டும் என்று எனக்குச் செய்துகாட்டினார். அவரது கட்டைவிரல் அந்த வேலையை இன்னும் மறக்கவில்லை. செத்தூபலில் இத்தகைய பெண்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, 1911 மார்ச் 13 அன்று மரியானா தொர்ரெஸ் என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதைப் பின்னர் வாசித்தறிந்தேன். அழகிய வண்ணத்தாள் சுற்றிய ரின்களை விற்கும் கடைகளில் அவரது பெயரைக் காணாதது எனக்கு வருத்தமே.

1920இல் தொடங்கிய பின்யாயிஸ் ஆலை இந்நகரில் இன்றும் இயங்குகிறது. அங்கே மீனைக் கையால் சுத்தம் செய்து, உப்புநீரில் ஊறவைத்து, ஆவியில் அவித்த பிறகே ரின்னில் அடுக்குகிறார்கள். தாள் சுற்றுவதும் பெண்களின் கைகளே. அவர்களின் நூரி என்னும் காரவகை ரின்னைத் திறந்தால் மிளகாய், மிளகு, கராம்பு, பிரிஞ்சி இலை எல்லாம் எண்ணெயில் தெரியும். மிளகாயை எங்கள் பக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களே போர்த்துக்கேயர்தான் என்பதால், அந்த வாசனை எனக்கு அந்நியமாகப்படவில்லை. எங்கள் பிள்ளைகள் அதைச் சோற்றோடு விரும்பி உண்கிறார்கள்.

புதிதாக அடைத்த ரின்னை மூதாட்டி உடனே திறக்கமாட்டார். எண்ணெய் மீனின் உள்ளே இறங்கச் சில மாதங்களாவது வேண்டும் என்பார். அலுமாரியில் உள்ளவற்றை அவ்வப்போது புரட்டியும் வைப்பார். கையால் செய்தவற்றின் விலை மற்றவற்றைவிடப் பலமடங்கு கூடுதலானாலும், அதற்குப் பின்னாலுள்ள உழைப்பை அறிந்த பிறகு விலையைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அதில் எவ்வளவு அந்தப் பெண்களின் கைக்குப் போய்ச் சேர்கிறது என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.