தலைக்காயம் வெளியே தெரியாது

வள்ளியூர் பக்கம் பைக்கில் வந்த என் தம்பியை வேன் இடித்துவிட்டது. கை கால் சரியாகிவிட்டது. ஆனால் வயரிங் வேலை பார்த்தவன், இப்போது சுவிட்ச் போர்டைக் கழற்றிவிட்டு, எந்த வயர் எங்கே என்று தெரியாமல் ஸ்க்ரூடிரைவரோடு நிற்கிறான். சத்தம் கேட்டாலே கோபம். "ஆளு நல்லாத்தான இருக்கான்?" என்று கேட்கிறார்கள். ஆத்திரமாக வருகிறது.

விபத்து இழப்பீட்டைக் கணக்கிட ஊனச் சதவீதம் மட்டும் போதாது, அதனால் பிழைப்பு எவ்வளவு போனது என்று பார்க்க வேண்டும் என 2010-இல் ராஜ்குமார் என்பவரின் விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதனால் ஸ்கேனோடு, ஞாபக மறதி பற்றி நரம்பியல் மருத்துவர் எழுதித் தருவதையும் பத்திரமாக வையுங்கள். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போடச் சொல்கிறது சட்டம். வக்கீலுக்குப் பணமில்லையா? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அங்கே இலவசம்.