எல்லாத்தையும் குறைக்குமோ

"அண்ணை, இந்தக் குளிசை எல்லாத்தையும் குறைக்குமோ?"

செர்ட்ரலின், 50 மில்லிகிராம். கேட்ட பெண்ணுக்கு மனச்சோர்வுக்கு எழுதியிருந்தது. பாமசியில் நான் குளிசை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். நிமிராமலே கேட்டேன்: "எல்லாத்தையும் எண்டா, எதை?"

கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. பின்னால் நின்ற ஐயா தன் மருந்துத் துண்டிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"ஒண்டுமில்லை அண்ணை."

உறையில் 'இரவு 1' என்று எழுதிக் கொடுத்தேன். "ஏதும் எண்டா டொக்டரோட கதையுங்கோ" என்றும் சொன்னேன்.

அது பிழையான பதில் இல்லை. மருந்தின் அளவைக் குறைப்பதும் மாற்றுவதும் எழுதினவருடைய வேலை, என்னுடையதல்ல. இதைப் பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர் உடலாசையைத்தான் கேட்டார் என்பது எனக்கு விளங்காமல் இல்லை என்பதுதான் கரைச்சல். சில நாட்களில், இல்லை, பசியைத்தான் கேட்டிருப்பார் என்று நினைத்து ஆறுதல்படுகிறேன்.

பொழுதுபட்ட பிறகு ஆண்கள் வருவார்கள். "அண்ணை, அது ஒண்டு" என்பார்கள். எது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆண்களின் விறைப்புக் குறைவுக்கான குளிசை, சில்டெனாபில், அதற்குள் கடதாசியில் சுற்றியாகிவிடும். நாக்குக்குக் கீழே வைக்கிற நெஞ்சுவலிக் குளிசை பாவிக்கிறீங்களோ என்று மட்டும் மெல்லக் கேட்பேன். இரண்டும் சேர்ந்தால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு விழும். துண்டு இல்லாமல் கொடுப்பது சரியில்லை என்பதும் தெரியும், அது வேறு கதை. அவர்களில் சிலருக்கு அந்தக் குளிசையால் பயனே இல்லை. அது இரத்த ஓட்டத்துக்கு உதவும், ஆசையைக் கொண்டுவராது. ஆசை குறைந்தவர் சீனியைப் பார்க்க வேண்டும், காலையில் இரத்தம் கொடுத்து ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டெரோன் பார்க்க வேண்டும், குடியையும் நித்திரையையும் யோசிக்க வேண்டும். ஆனாலும் ஓர் ஆணின் அரைச் சொல் எனக்கு உடனே விளங்குகிறது. அந்தப் பெண்ணின் முழுக் கேள்விக்கு மட்டும் நான் விளக்கம் கேட்டேன்.

சொல்ல என்னிடம் விஷயம் இருந்தது. செர்ட்ரலின் வகைக் குளிசைகளால் ஆசை குறைவது பலருக்கு வருவதுதான், உங்களில் பிழை இல்லை. ஆனால் குளிசைதான் காரணம் என்று முடிவு கட்டவும் முடியாது, மனச்சோர்வும் அதைத் தின்னும். தைரொயிட் குறைந்தாலும் வரும், பால் கொடுக்கிற காலத்திலும், மாதவிடாய் நிற்கிற வயதிலும், வீட்டில் மனம் ஒட்டாவிட்டாலும் வரும். உங்களுக்கு அது கவலையாக இல்லை என்றால் அது நோயே இல்லை. கவலை என்றால் அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், தலைச்சுற்றும், பழைய சோர்வும் திரும்பலாம்.

இரண்டு நிமிடப் பேச்சு. ஆனால் எங்கே வைத்துச் சொல்வது? ஆஸ்பத்திரி வீதியில் கிளினிக் கலைகிற நேரம் கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் ஆளோடு ஆள் முட்டிக்கொண்டு நிற்கும்.

அந்தப் பெண் அடுத்த மாதம் 30 குளிசைக்குப் பதில் 10 வாங்கினார். காசு இல்லையாக்கும் என்று நினைத்தேன், அப்படி வாங்குகிறவர்கள் நிறையப்பேர். அதற்குப் பிறகு வரவில்லை.

அந்த உறுத்தலில், சனம் இல்லாத ஒரு மத்தியானம், அதே குளிசை வாங்க வந்த இன்னொருவரிடம் நானாகவே தொடங்கினேன். "தங்கச்சி, இது போடத் தொடங்கினாப் பிறகு வீட்டில ஏதும் வித்தியாசம்..." முடிக்கவில்லை. அவர் முகம் இறுகிவிட்டது. மீதிக் காசை எண்ணாமலே எடுத்துக்கொண்டு இறங்கினார். இரவு மனைவியிடம் சொன்னேன். "நீங்கள் ஏனப்பா அதைக் கேட்டனீங்கள்?" என்றார். அதுவும் சரிதான். கேட்டாலும் பிழை, கேட்காவிட்டாலும் பிழை என்றால், பேசாமல் இருப்பது எனக்கு வசதியான பிழை.

போன கிழமை மழைக்குள் எதிர்ப் பாமசியில் நின்றவர் அந்த முதல் பெண்தான் என்று நினைக்கிறேன். அங்கே இப்போது ஒரு பெண்பிள்ளை வேலைக்கு நிற்கிறார். இருவரும் தலையைக் கிட்ட வைத்து நெடுநேரம் கதைத்தார்கள். குளிசை பற்றியா மழை பற்றியா, தெரியாது. குடையை மடக்கிக்கொண்டு என் முன்னால் ஒருவர் வந்து நின்றார்.

"அண்ணை, அது ஒண்டு."

எது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.