கொல்லைப்புற வீடு: கவுண்டரில் சொன்னது வேறு, சட்டம் வேறு

கலிஃபோர்னியாவில் கொல்லைப்புறத்தில் ஏ.டி.யூ. (இருக்கும் வீட்டோடு அதே மனையில் கட்டும் சிறிய துணை வீடு) கட்டப் போகிறவர்களுக்கு இது. எங்கள் பெர்மிட் கைக்கு வந்துவிட்டது, ஆனால் வர வேண்டிய நாளில் அல்ல.

முதல் நாளே சிட்டியின் பிளானிங் கவுண்டரில் ஒரு பழைய நோட்டீஸை நீட்டினார்கள். பின்வேலியிலிருந்து 10 அடி விடணும், கூடுதலாக ஒரு கார் பார்க்கிங் வேணும், மனையில் 40 சதவீதத்துக்கு மேல் கட்டடம் கூடாது. மூன்றுமே செல்லாது. 800 சதுர அடி, 16 அடி உயரத்துக்குள், பக்கவாட்டிலும் பின்னாலும் 4 அடி விட்டுக் கட்டினால், சதவீதக் கணக்கைக் காட்டி சிட்டி மறுக்க முடியாது. அரை மைல் நடையில் பஸ் ஸ்டாப் இருந்தால் பார்க்கிங்கும் கேட்க முடியாது. கவுண்டரில் நின்று வாதாடாதீர்கள். அங்கே இருப்பவருக்குத் தெரிந்தது அந்த நோட்டீஸ்தான். கலிஃபோர்னியா அரசு விதித்தொகுப்பின் (Government Code) 66321, 66322 பிரிவுகளைச் சுட்டி, பஸ் ஸ்டாப் தூரம் தெரியும் மேப்பையும் இணைத்து மெயில் போட்டோம். நான்கே நாளில் மூன்று நிபந்தனையும் போன இடம் தெரியவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

சிட்டி 60 நாளில் முடிவு சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்த மாதிரிதான். ஆனால் அந்த 60 முழுமையான விண்ணப்பம் போன நாளிலிருந்துதான் ஓடும். போர்ட்டலில் ‘ரிசீவ்டு’ என்று இருந்ததை நம்பி மூன்று வாரம் போச்சு. கழிவுநீர்க் குழாய் போகும் வழி சைட் பிளானில் இல்லையாம். ‘கம்ப்ளீட்’ என்று தேதியோடு எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால், குறைகள் எல்லாவற்றையும் எப்படிச் சரிசெய்வது என்பதோடு மொத்தமாக எழுதித் தர வேண்டியது அவர்கள் பொறுப்பு. தவணை முறையில் குறை சொல்ல விடாதீர்கள்.

உண்மையில் அடி விழுந்தது வேறிடத்தில். மாநிலச் சட்டம் கட்டிப்போட்டது பிளானிங்கின் கையைத்தான். கட்டடப் பாதுகாப்பு விதி அப்படியே இருக்கிறது. ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு) இல்லாத வீட்டில், எல்லைக்கோட்டிலிருந்து 5 அடிக்குள் வரும் சுவர் ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும். அந்தச் சுவரில் ஜன்னல் 25 சதவீதத்துக்கு மேல் கூடாது. சுவரைத் தாண்டி நீளும் கூரையின் அடிப்பக்கத்துக்கும் தீத்தடுப்பு வேண்டும். எங்கள் டிசைனர் 4 அடியில் சுவரை நிறுத்திவிட்டு, இரண்டு பெரிய ஜன்னலும் சாதாரணக் கூரை நீட்டலும் வரைந்திருந்தார். வரைபடம் திரும்பி வந்தது. இடம் இருந்தால் பேசாமல் சுவருக்கு 5 அடி விட்டுவிடுங்கள், சுவர், ஜன்னல் தலைவலி இல்லை; கூரை நீட்டலும் அந்த 5 அடிக்குள் வராமல் பாருங்கள்.

ஸ்பிரிங்க்ளர் பிரச்சினை வரவில்லை: பெரிய வீட்டுக்குத் தேவையில்லை என்றால் இதற்கும் தேவையில்லை. 740 சதுர அடியில் நிறுத்தியதால் இம்பாக்ட் ஃபீஸும் (புதுக் கட்டடத்தால் வரும் பொது வசதிச் செலவுக்கு வாங்கும் கட்டணம்) இல்லை. 750-ஐத் தாண்டினால் விழும்.

தனியாகப் புதிதாகக் கட்டினால் பொதுவாக சோலார் வைத்தாக வேண்டும், அதை பட்ஜெட்டில் சேருங்கள். வீட்டில் பழைய 100 ஆம்ப் மின்பேனல் (மெயின் மின்பெட்டி) இருந்தால், மின்நிறுவனத்துக்கு 200 ஆம்ப் விண்ணப்பத்தை வரைபடம் போடும் நாளிலேயே கொடுத்துவிடுங்கள். அவர்களுக்கு 60 நாள் கெடு எதுவும் இல்லை. எங்களுடையது இன்னும் வரிசையில்தான் நிற்கிறது.