கேஷ் கேபினில் ஒரு பழுப்புக் கவர்

2021 ஏப்ரல். ஓட்டுப்பதிவு முடிந்து, இயந்திரங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்த நாட்கள். எங்கள் வங்கிக் கிளைக்கு மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். திடீர் கேஷ் சோதனை. கட்டுகளை எண்ணினார், சில்லறையை எண்ணினார், கிழிந்த நோட்டுகளைக்கூட விடவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் என் டிராயரின் அடியில் கிடந்த பழுப்புக் கவரை உருவினார். உள்ளே பத்து நூறு ரூபாய் நோட்டுகள். கவரின் மேல் என் கையெழுத்தில் 'பாலக்காடு' என்று தலைப்பு. கீழே நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஐந்து பெயர், அந்தப் பக்கம் ஐந்து பெயர்.

கேஷில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். பணம் குறைந்தால் கைக்காசைப் போட்டு அழுதுவிட்டுப் போகலாம். கூடினால்தான் பதில் சொல்லி மாளாது. கேபினுக்குள் போகும்போது கையில் இருக்கும் சொந்தப் பணத்தைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும். அன்று நான் எழுதியிருந்தது 240 ரூபாய், பஸ்ஸுக்கும் கீரைக்கும்.

"என்ன மேடம் இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துக் கவுண்டர் சேட்டன் உதவிக்கு வந்தார். "வாது வெச்சது சார்." பந்தயம் கட்டிய பணம் என்று அர்த்தம். அந்த உதவி வராமலே இருந்திருக்கலாம்.

அதிகாரி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் பெயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடுகிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பிறகு ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வரிக்கு நான் ஒன்றரைப் பக்கம் விளக்கக் கடிதம் கொடுத்தேன்.

எங்கள் கிளை கொழிஞ்சாம்பாறைப் பக்கம், சித்தூர் தாலுகா. ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். பொள்ளாச்சியில் பஸ் ஏறினால் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம். அங்கே போர்டு மலையாளத்தில் இருக்கும், சண்டை தமிழில் நடக்கும். கிளையில் பாதிப் பேர் மலையாளம், பாதிப் பேர் தமிழ். இரண்டு பேச்சிலும் எல்லோருக்கும் பழக்கம். மலையாளப் பத்திரிகைகளில் பந்தயத்தை 'வாதுவெய்ப்பு' என்று எழுதுவார்கள். நமக்கு வாது என்றால் வீண் வழக்கு, விதண்டாவாதம். அங்கே வாய்ப்பேச்சு போதாமல் அதன் மேல் ஒரு பொருளையும் வைத்துவிட்டால் அது வாதுவெய்ப்பு. எனக்கு அந்தச் சொல் பிடித்துப் போனது. எங்கள் கிளையில் நடந்ததெல்லாம் அதுதான். சாப்பாட்டு மேசையில் ஒரு வாய்ச்சண்டை வரும். யாராவது "அப்படின்னா நூறு ரூபாய் வைக்கிறியா?" என்பார்கள். பணம் என்னிடம் வந்து சேரும். கேஷியர் ஆயிற்றே, வேறு யாரிடம் கொடுப்பார்கள்?

அந்த வருஷம் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே நாளில், ஏப்ரல் 6-ல், ஓட்டுப்பதிவு. எண்ணிக்கையும் ஒரே நாளில், மே 2. நடுவில் கிட்டத்தட்ட நாலு வாரம் சும்மா கிடந்தது. கேரளத்தில் நாற்பது வருஷமாக ஆட்சி மாறி மாறித்தான் வந்திருக்கிறது, இந்தத் தடவையும் மாறும் என்று சேட்டன் அடித்துச் சொன்னார். மாறவில்லை. 140-ல் 99 இடம் வாங்கி அதே அணி திரும்ப வந்தது. அது வேறு பந்தயம், அதற்குத் தனிக் கவர். பழுப்புக் கவரில் இருந்தது பாலக்காடு தொகுதி. மெட்ரோ ரயில் கட்டிய ஸ்ரீதரன் 88 வயதில் அங்கே நின்றார். ஜெயிப்பார், ஜெயிக்க மாட்டார் என்று இரண்டு கட்சி. நான் ஜெயிப்பார் பக்கம். கொள்கை எதுவும் இல்லை. இவ்வளவு பாலம் கட்டிய மனுஷன் இதையும் முடித்துவிடுவார் என்று ஒரு கணக்கு.

என் ஓட்டு பொள்ளாச்சியில். பாலக்காட்டில் எனக்கு ஓட்டு இல்லை. ஆனால் நூறு ரூபாய் இருந்தது. மே 2 ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து டிவி முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சொந்த ஊர்த் தொகுதியில் என்ன நடக்கிறது என்று மகன்தான் வந்து சொல்ல வேண்டியிருந்தது. சுற்றுச் சுற்றாக முன்னால் போய்க்கொண்டிருந்தவர் கடைசியில் பின்தங்கி, 3,859 ஓட்டில் தோற்றார். அந்த எண் இன்றைக்கும் மறக்கவில்லை. எங்கள் தொகுதியில் வித்தியாசம் எத்தனை என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

விளக்கக் கடிதத்தில் எழுத முடியாமல் போன விஷயம் இது. நூறு ரூபாய்க்காக யாரும் பந்தயம் கட்டவில்லை. பைசா சுத்தமாக வட்டிக் கணக்குப் போடுகிற பத்துப் பேர், தங்கள் கைக்கு எட்டாத ஒரு காரியத்தில் காசைப் போட்டோம். போட்ட நிமிஷத்திலிருந்து அது எங்கள் காரியம் ஆகிவிட்டது. எங்கோ நடக்கிற கல்யாணத்தில் மொய் எழுதிய மாதிரி.

கிளைக்குப் புதிதாக வந்த புரொபேஷனரி ஆபீசர் தம்பி இந்த விஷயத்தில் பெரிய ஆராய்ச்சியாளர். சாப்பாட்டு நேரத்தில் அவன் சொல்லும் கதைகளுக்காகவே நாங்கள் டிபன் பாக்ஸை மெதுவாகக் காலி செய்வோம். டேவிட் த்ரெல்ஃபால் என்று ஓர் இங்கிலாந்துக்காரர், 1964-ல் வில்லியம் ஹில் என்ற பந்தயக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினாராம், சில வருஷங்களுக்குள் மனிதன் நிலாவில் கால் வைப்பான் என்று. கம்பெனி ஒன்றுக்கு ஆயிரம் தருகிறோம் என்றது. அவர் கட்டியது 10 பவுண்டு. 1969 ஜூலையில் 10,000 பவுண்டுக்குச் செக் வந்தது. "அஞ்சு வருஷம் அந்த ஆள் நிலாவை எப்படிப் பார்த்திருப்பார் மேடம்!" என்றான். அமெரிக்காவில் சூப்பர் பௌல் என்று பெரிய மேட்ச், அதில் ஆட்டத்தை விடுங்கள், டாஸில் தலையா பூவா என்பதற்கே லட்சக்கணக்கில் பந்தயம். டாஸ் என்றால் சரிக்குச் சரிதான். ஆனாலும் 100 டாலர் ஜெயிக்க 100-க்கு மேலே கொஞ்சம் கட்டச் சொல்வார்கள். அந்தக் கொஞ்சம்தான் கடைக்காரரின் வருமானம். இங்கிலாந்தில் அரச குடும்பத்தில் குழந்தை பிறக்கப் போகிறது என்றால் என்ன பெயர் வைப்பார்கள் என்று பந்தயம். ரோமில் அடுத்த போப் யார் என்று பந்தயம் கட்டிக் கட்டித் தாங்க முடியாமல், 1591-ல் போப் பதினான்காம் கிரிகோரி, அப்படிக் கட்டுகிறவர்களைச் சபையை விட்டே விலக்குவேன் என்று ஆணை போட்டாராம். எனக்கு வந்த விளக்கம் கேட்கும் கடிதம் அதற்குப் பரவாயில்லை.

இந்த மாதிரி விசித்திரப் பந்தயங்களில் கம்பெனிகள் பெரிய தொகை கட்ட விடுவதில்லை, விளம்பரத்துக்காகத்தான் திறந்து வைக்கிறார்கள் என்றும் அவன் சொன்னான். நம்பக்கூடியதுதான். நிலாக் கதை இத்தனை வருஷம் கழித்துக் கொழிஞ்சாம்பாறை வரைக்கும் வந்திருக்கிறதே, 10,000 பவுண்டுக்கு அதைவிட மலிவான விளம்பரம் எங்கே கிடைக்கும்?

எங்கள் பக்கத்தில் நிலா என்றால் ஓணம் பம்பர். கேரள அரசே லாட்டரிக்கு என்று ஒரு துறையை 1967-ல் தொடங்கி, 1968 ஜனவரி 26-ல் முதல் குலுக்கல் நடத்தியது. டிக்கெட் 1 ரூபாய், முதல் பரிசு 50,000. இப்போது ஓணம் பம்பர் டிக்கெட் 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்த பிறகு, எல்லைக்கு அந்தப் பக்கம் செக்போஸ்ட் தாண்டின உடனே வரிசையாகக் கடைகள், எல்லாம் தமிழ் போர்டு. 2023 ஓணத்தில் 25 கோடி விழுந்த டிக்கெட் வாளையாறில் விற்றது. திருப்பூர்ப் பக்கத்து நாலு பேர் சேர்ந்து வாங்கியது. அன்றைக்கு எங்கள் பஸ்ஸில் வந்த கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொருவர் முகத்திலும் 'போன வாரம் நான் அங்கேதானே இருந்தேன்' என்ற வருத்தம்.

அந்த வருஷம் விற்ற டிக்கெட் 75 லட்சத்துக்கும் மேல். கேஷியர் புத்தி, நான் அதை நோட்டுக் கட்டாகத்தான் நினைத்துப் பார்ப்பேன். நூறு நூறாகக் கட்டினால் 75,000 கட்டு. அதில் ஏதோ ஒரு கட்டில், ஏதோ ஒரு நோட்டு. அதுவும் முழுசாக வராது. 25 கோடியில் ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம், மிச்சத்தில் வருமான வரி 30 சதவீதம் பிடித்தால் 15.75 கோடி. அதற்கப்புறம் சர்சார்ஜ், செஸ். இதையெல்லாம் நானே கால்குலேட்டரில் தட்டிக் காட்டிவிட்டு, அப்புறம் என் பங்கு ஐம்பது ரூபாயையும் கொடுத்தேன். பத்துப் பேர், ஒரு டிக்கெட். பரப்பனங்காடியில் குப்பை சேகரிக்கும் 11 பெண்கள் 250 ரூபாய் டிக்கெட்டைக் காசு போட்டு வாங்கி, 2023 மழைக்கால பம்பரில் 10 கோடி அடித்ததிலிருந்து, ஸ்வீப்பர் சேச்சி எங்களைச் சும்மா விடவில்லை.

பெரிய பரிசு விழுந்தவர்கள் டிக்கெட்டை வங்கி வழியாக அனுப்புவது உண்டு. ஒரு தடவை தென்னந்தோப்பில் வேலை செய்கிற ஒரு பெரியவர் வந்தார். டிக்கெட்டை நாலாக மடித்துப் பால் கவருக்குள் வைத்து, அதை டவுசர் பையில் வைத்திருந்தார். பின்பக்கம் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று விளக்கினேன். எல்லாம் கேட்டுக்கொண்டார். டிக்கெட்டை மட்டும் விடவில்லை. கவுண்டர் கண்ணாடிக்குக் கீழே நான் ஒரு முனையைப் பிடித்திருக்கிறேன், அவர் மறு முனையைப் பிடித்திருக்கிறார்.

"ஏனுங் மேடம், இதை உங்ககிட்ட குடுத்துட்டா அப்புறம் எனக்கு என்னங்க சாட்சி?"

ரசீது தருகிறோம் என்றேன். ரசீதை முதலில் கொடுங்கள் என்றார். கொடுத்தோம். அதைப் பால் கவருக்குள் வைத்துக்கொண்டு, அப்புறம்தான் விரலை எடுத்தார்.

எல்லைக்கு இந்தப் பக்கக் கதை வேறு. தினமும் மூன்று மணிக்குக் குலுக்கல், அதில் வருகிற நம்பரின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்து இங்கே டீக்கடைகளில் திருட்டுத்தனமாக 'மூணு நம்பர்' ஓடும். டிக்கெட்டே கிடையாது, துண்டுச் சீட்டுதான். அந்தக் காலத்தில் பம்பாயில் நியூயார்க் பஞ்சு விலையை வைத்து இப்படித்தான் ஆடினார்களாம். பஞ்சைத் தொட்டே பார்க்காதவர்கள். மூணு நம்பரால் நகைக் கடன் வட்டி கட்ட முடியாமல் வந்து நின்ற பெண்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது.

சோதனைக்கு அப்புறம் மேனேஜர் சார், கிளைக்குள் பந்தயமாகப் பணம் நடமாடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால்தான் 2022 உலகக் கோப்பைக்கு மீசை வந்தது. செக்யூரிட்டி அண்ணன் முன்னாள் ராணுவம், பொள்ளாச்சிக்காரர், பிரேசில் பக்தர். கேரளத்தில் இருபது வருஷம் இருந்தால் பிரேசிலோ அர்ஜென்டினாவோ ஒன்றில் சேராமல் இருக்க முடியாது. சேட்டன் அர்ஜென்டினா. முதல் ஆட்டத்திலேயே சவூதியிடம் அர்ஜென்டினா தோற்றதும் அண்ணனுக்குத் தெம்பு வந்துவிட்டது. "உன் டீம் எனக்கு முந்தி வெளிய போகும். போகலேன்னா என் மீசையில பாதி" என்றார். வாதுக்கு நான்தான் சாட்சி. இந்தத் தடவை கேபினுக்குள் எதுவும் வைக்க வேண்டியிருக்கவில்லை.

டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை ராத்திரி, குரோஷியாவிடம் பெனால்டியில் பிரேசில் போயிற்று. அதே ராத்திரி அர்ஜென்டினா அடுத்த சுற்றுக்குப் போனது. அண்ணனின் அதிர்ஷ்டம், மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை. திங்கட்கிழமை காலை ஷட்டர் திறக்கும்போது எல்லோரும் முன்னாடியே வந்து நின்றோம். அண்ணன் துப்பாக்கியோடு திரும்பினார். மீசை முழுசாக இல்லை. மேலுதடு மட்டும் வெளுப்பாக, வேறு யாரோ ஒருவருடையது மாதிரி இருந்தது.

"அண்ணே, மீச எவிடெ?" என்றார் சேட்டன், குரல் கம்ம.

"பாதி எடுத்துப் பார்த்தேன். பேத்தி அழுவுது. சரின்னு மிச்சத்தையும் எடுத்துட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "லைசன்ஸ் போட்டோவுல மீசை இருக்கு. அதுக்கு என்ன பண்றதுன்னு தெரியலை" என்றார். அன்று முழுக்க வாடிக்கையாளர்கள் வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். சேட்டன் அந்த வாரம் முழுவதும் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஜெயித்தவர் செலவு செய்த பந்தயம் அது ஒன்றுதான்.

ஒரு சின்னப் பையன், காலேஜ் முடித்தவன், மாதம் ஒரு தடவை பாஸ்புக் பதிய வருவான். பிரின்டர் நிற்காது. ஒரே தேதியில் நாற்பது வரி. 100, 200, 100, 500, எல்லாம் யார் என்றே தெரியாத பெயர்களுக்கு. ஐபிஎல் மாதங்களில் ஒரு புத்தகம் முழுசாக முடிந்துவிடும். புதுப் புத்தகம் கொடுத்துக்கொண்டே, "யாரோடப்பா வாது வைக்கிறே?" என்று ஒரு நாள் கேட்டேன். அவனுக்குக் கேள்வி புரியவில்லை. "ஆப் மேடம்" என்றான். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது அவன் முகம்தான் ஞாபகம் வந்தது. அதற்குள் நான் ஓய்வு பெற்றிருந்தேன்.

என் பிரிவுபசார நாளில் வடை, மிக்சர், சால்வை எல்லாம் முடிந்து பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தபோது செக்யூரிட்டி அண்ணனும் சேட்டனும் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பது தெரிந்தது. சேச்சிதான் முந்தின நாளே காட்டிக் கொடுத்திருந்தாள். 'அக்கா அழும்', 'அக்கா அழாது'. ஒரு பிளேட் பிரியாணி. அழும் பக்கம் அண்ணன். மீசை போன ஆள், இதையாவது ஜெயிக்கட்டும் என்று ஒரு மனசு. என்னைப் பற்றி இப்படி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாரே என்று இன்னொரு மனசு. நாலு நிமிஷம் பேசினேன். கேஷ் சோதனைக் கதையைச் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். கண்ணில் ஒன்றும் வரவில்லை. அண்ணன் பர்ஸை எடுத்தார்.

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பஸ் வேகம் எடுத்த பிறகுதான் வந்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்டுவிட்டுப் பேசாமல் போய்விட்டார். அண்ணனுக்குப் போன் செய்து சொல்லலாமா என்று யோசித்தேன். பிரியாணி அதற்குள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.